படகின் மேல் ஒட்டிய பச்சைப் பாய்

கண்ணு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற மனநிலையில் இன்று நான் இல்லை. என் வலது காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, மஞ்சள் பூசி, எலுமிச்சைத் தோலால் தேய்த்து, அப்படியும் நாற்றம் போகாமல், அதை ஒரு ஸ்டூலின் மேல் தனியாக நீட்டி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்பறம் கூப்படறேன்" என்பாய். அந்த அப்புறம் வருவதற்குள் உங்கப்பா வந்து உட்கார்ந்து நல்ல வார்த்தை சொல்லி என் கோபத்தை ஆற்றிவிடுவார். ஆறக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். கொள்ளேகாலில் சத்திரம் பிடித்தாயிற்று, பத்திரிகை கொடுத்து முடித்தாயிற்று. இந்த நேரத்தில் பெற்றவள் பிள்ளைக்கு எழுதினால் நல்ல வார்த்தையாக நாலு இருக்க வேண்டும். பார்க்கலாம். முதலில் உன் படகு.

நேற்று நீ போனில் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது. "அம்மா, நாளைக்கு மாதேஷண்ணன் படகு எடுத்துட்டுப் போக வர்றாரு. எல்லாம் பேசியாச்சு. தார்ப்பாய எடுத்துட்டு மேலாப்புல தண்ணி ஊத்தித் தொடச்சு வெச்சிரும்மா. அந்தப் பச்சப் பிளாஸ்டிக் புல்லுப் பாய மட்டும் தூக்க வேண்டாம், நல்லா ஒட்டி வெச்சிருக்கேன்." உன்னைப் பெற்று வளர்த்தவளிடம் ஒன்றைத் தூக்க வேண்டாம் என்று நீ சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கல்யாணம் முடிந்து ரம்யாவைக் கூட்டிக்கொண்டு பூனா போகிறவன், படகை ஒரு நல்ல கையில் கொடுத்துவிட்டுப் போகிறான் என்று சந்தோஷப்பட்டேன். மாதேஷ் யாரோ எவரோ இல்லை, நம் சொந்த ஊர் ஹனூரில் பக்கத்துக் காட்டுக்காரர் வீட்டுப் பையன். இங்கே மைசூரில் டெம்போ ஓட்டுகிறான். தன் மகளை ஞாயிற்றுக்கிழமைகளில் அணைக்குப் பின்னால் தேங்குகிற பேக்வாட்டருக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுக்க ஆசைப்படுகிறான். அவனுக்கு நம் வீட்டின் மேல் ஒரு மரியாதை இருக்கிறது, அல்லது இன்று காலை வரைக்கும் இருந்தது.

வெயில் ஏறுவதற்கு முன்னால் வாளியும் தென்னந்துடைப்பமுமாகக் காம்பவுண்டுக்குப் போனேன். டிரெய்லர் வண்டி மேல் நிற்கிற படகில் ஸ்டூல் போட்டு ஏறி, நடுவில் தண்ணீரை ஊற்றினேன். அலுமினியப் படகில் ஊற்றிய தண்ணீர் ஓரத்துக்கு ஓட வேண்டும். இது ஓடவில்லை, நான் நின்ற இடத்திலேயே பாய்க்குள் இறங்கி மாயமாகப் போயிற்று. சரி, பிளாஸ்டிக் புல் குடிக்கிறது போல என்று அடுத்த அடியை வைத்தேன். இரண்டு துண்டுப் பாய் சேருகிற இடத்தில் கால் மெத்தையில் அமுங்குவதுபோல அமுங்கிற்று, பிறகு முழங்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. வலிக்கவே இல்லை. ஊறிப்போன ரொட்டியில் விரல் இறங்குவது மாதிரி இறங்கியது. அடியில் வெதுவெதுப்பாக, கொழகொழவென்று ஏதோ ஒன்று என் பாதத்தை வாங்கிக்கொண்டது. உங்கப்பாவைக் கூப்பிட வாய் வந்தது, ஆனால் வாயைத் திறந்தால் அந்த நாற்றம் உள்ளே போகும் என்று மூடிக்கொண்டேன். காலை இழுத்தபோது கெண்டைச் சதையைச் சுற்றி என்னவோ பிளாஸ்டிக் துணி ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. அதை உருவிக் குழாயடிப் பக்கம் எறிந்துவிட்டு, அங்கேயே நின்று கால் சிவக்கும் வரை தேய்த்தேன். அப்புறம் நானும் உங்கப்பாவும் சேர்ந்து நீ தூக்கக்கூடாது என்ற பாயைத் தூக்கினோம்.

நீ என்ன வைத்திருந்தாய் என்று உனக்கே தெரியட்டும். பாய்க்கு அடியில் தளமாக நீ போட்டிருந்த பிளைவுட் கறுத்து, தாள் தாளாக விரிந்து, கையால் பிய்த்தால் புட்டு மாதிரி உதிர்ந்தது. அதற்கும் அடியில், படகின் அலுமினிய எலும்புகளுக்கு நடுவே, எந்தக் காலத்து மழைத் தண்ணீரோ சேறாகி நின்றது. அதில் நீ தூண்டிலுக்கு உருட்டிய ராகி உருண்டைகள் நூல்நூலாகப் பூஞ்சை பிடித்துக் கிடந்தன. கோழிக் குடல் வைத்த கவர் ஒன்று, முடிச்சு அவிழ்க்காமலே, ஊதிப்போய்க் கிடந்தது. மீன் செதில். ஆயுத பூஜைக்குக் கட்டின எலுமிச்சம்பழம், கறுத்துச் சுருங்கி, இன்னும் நூலோடு. கரப்பான்கள் கூட்டமாக எழுந்து உங்கப்பாவின் வேட்டிக்குள் போகப் பார்த்தன. நானும் மீன் தின்கிறவள்தான், வீட்டில் கழுவி ஆய்கிறவள்தான். அப்படியும் காலையில் குடித்த காப்பி செம்பருத்திச் செடிக்குப் போயிற்று.

பலகையைக் கவிழ்த்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. மேல் பக்கம் நீ அடித்த வார்னிஷ் இன்னும் அங்கங்கே தேன் நிறத்தில் பளபளக்கிறது. கீழ்ப் பக்கம் ஒரு சொட்டு இல்லை. விளிம்பில் இல்லை. ஸ்குரூ போட்ட ஓட்டைகளில் இல்லை. கடையிலிருந்து வந்த கோலத்தில், முத்திரை மையோடு, பூச்சே படாத வெறும் பலகை. நீ அதை அடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. காம்பவுண்டில் இரண்டு செங்கல் மேல் பலகையை வைத்து, ஒவ்வொரு பூச்சு காயும்போதும் ஒரு போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாய். நான் துணி காயப்போட வந்தவள், "அடியில அடிக்கலியா கண்ணு?" என்றேன். "அடியில யாரும்மா பாக்கப் போறாங்க?" என்றாய். நானும் பைத்தியக்காரி மாதிரி சிரித்துவிட்டுப் போனேன்.

தெரியாமல் செய்தேன் என்று மட்டும் சொல்லாதே. நீ ஒன்பதாவது படிக்கும்போது நம் குளியலறைக் கதவின் அடிப்பக்கம் ஊறி உதிர ஆரம்பித்தது நினைவிருக்கிறதா? உங்கப்பா அதன் மேல் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்து, மூடினால் சரியாகிவிடும் என்றார். அடுத்த மழைக்குத் தகரத்துக்குப் பின்னாலிருந்து பூரான் வந்தது. புதுக் கதவு செய்த ஆசாரி போகும்போது சொல்லிவிட்டுப் போனார், மரம் தண்ணீரை முகத்தால் குடிக்காது, விளிம்பால்தான் குடிக்கும், ஆகவே மாட்டுவதற்கு முன்னால் அடி விளிம்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொள்ளுங்கள் என்று. அந்தக் கதவைத் தலைகீழாக நிறுத்தி, அடி விளிம்புக்கு இரண்டு பூச்சு அடித்தவன் நீ. வழிந்த பெயிண்ட் உன் ஸ்கூல் பேண்டில் பட்டு நான் திட்டினேன். அந்தக் கதவு இன்றும் கல் மாதிரி நிற்கிறது. கற்றுக்கொள்ளாதவனை மன்னிக்கலாம், கற்றுக்கொண்டும் யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறவனை என்ன செய்வது?

அது போதாது என்று வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நீ செய்த கூத்து. தெருவில் எல்லோரும் பைக்கைக் கழுவி, காரைக் கழுவி, பூசணிக்காய் உடைக்கிறார்கள், நம் வீட்டில் படகுக்கும் பூஜை. நல்ல விஷயம்தான், நான்தான் பொட்டு வைத்தேன். ஆனால் வாழைக்கன்று இரண்டு பக்கமும் விறைப்பாக நிற்க வேண்டும் என்று நீ பலகையிலேயே ஆணி அடித்தாய். "கயித்துல கட்டுடா, பக்கத்துல வளையம் இருக்குதல்ல" என்றேன். "கயித்துல கட்டுனா சாஞ்சு போகுது, போட்டோவுல நல்லா இருக்காது" என்று சொல்லிச் சுத்தியலைத் தூக்கினாய். பூஜை முடிந்ததும் ஆணியைப் பிடுங்கிவிட்டு ஓட்டையை அப்படியே விட்டாய். அடுத்த வருஷம் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை. மேலே இருந்த ஒரே பூச்சையும் நீயே குத்திக் குத்தித் தண்ணீருக்கு வழி காட்டினாய், அதுவும் சாமி பேரைச் சொல்லி. உள்ளே போன தண்ணீர் வெளியே வரவும் வழியில்லை, ஓரமெல்லாம் சிலிக்கான் பசை போட்டு அவ்வளவு அழகாக அடைத்திருக்கிறாய். எங்கே அடைக்க வேண்டுமோ அங்கே விட்டுவிட்டு, எங்கே விட வேண்டுமோ அங்கே அடைத்திருக்கிறாய்.

இதுவரைக்கும் எனக்கு இருந்தது எரிச்சல்தான். சோம்பேறி, பகட்டுக்காரன், எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் குழாயடியைக் கழுவப் போனேன். என் காலிலிருந்து உருவி எறிந்த அந்தப் பிளாஸ்டிக் துணி அங்கே கிடந்தது. குழாயைத் திறந்துவிட்டதும் மேலே இருந்த சேறு கரைந்து போயிற்று. முதலில் ரம்யாவின் கண் தெரிந்தது. பிறகு அவள் சிரிப்பு, பிறகு உன் கோட்டு, பிறகு "நிச்சயதார்த்த விழா" என்ற எழுத்து. நிச்சயத்தன்று சத்திரத்து வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸ் பேனர். அதை நான்காக மடித்து, ஓரத்தில் பசை தடவி, படகின் நடுவில் இருந்த ஓட்டையின் மேல் ஒட்டி, அதன் மேல் பச்சைப் பாயை ஒட்டியிருக்கிறாய். ஓட்டையைப் போய்ப் பார்த்தேன். என் கால் போட்ட புது உடைப்புக்குப் பக்கத்தில், பழைய உடைப்பு ஒன்று, விளிம்பு கறுத்து, ஒரு ஆம்பிளைக் கால் அளவுக்கு இருக்கிறது. உன் கால்தானே அது? உனக்கு முன்னாலேயே தெரியும். உன் கால் உள்ளே போயிருக்கிறது. எடுத்துக் கழுவிக்கொண்டு, மூடி ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மாதேஷைக் கூப்பிட்டுப் படகைக் காட்டியிருக்கிறாய்.

அருவருப்பு என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, கண்ணு. கோழிக் குடலும் கரப்பானும் ஒன்றுமே இல்லை. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் முகத்தை மடித்து அழுகலின் மேல் கவிழ்த்து ஒட்ட உனக்குக் கை வந்திருக்கிறது. கிழிந்த ஃபிளெக்ஸ்தானே, வீணாகக் கிடந்ததுதானே என்பாய். வீணாகக் கிடந்தது எத்தனையோ இருந்ததே, சிமெண்ட் சாக்கு இருந்ததே. எது கைக்குக் கிடைத்தாலும் அதை வைத்து மூடுவாய் போலிருக்கிறது. உங்கப்பாவிடம் காட்டினேன். அவர், "ஏம்புள்ள, கல்யாண நேரத்துல இதயெல்லாம் பெருசு பண்ணாத. பாயத் திரும்பப் போட்டுரலாம். மாதேஷு எடுத்துட்டுப் போயி அவனே ரெண்டு பலக மாத்திக்குவான்" என்றார். குளியலறைத் தகரம் இன்னும் அவர் கையை விட்டுப் போகவில்லை. நான் பாயைச் சுருட்டிக் குப்பை வண்டி வருகிற இடத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

மாதேஷ் சொன்ன நேரத்துக்கு வந்தான். கூடவே பாப்பா. முதல் வகுப்புப் போகிற பிள்ளை, கவுனுக்கு மேலே புது ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. டெம்போவில் வரும் வழியெல்லாம் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்ததாம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அது ஓடிப்போய், டிரெய்லர் சக்கரத்தில் கால் வைத்து, படகுக்குள் குதித்துவிட்டது. கத்திக்கொண்டு ஓடினேன். அது நடுப்பக்கம் போகவே இல்லை. முன்மூலையில், ஒரு கை அகல இடத்தில், இரண்டு காலையும் ஒட்டி வைத்துக்கொண்டு, பக்கவாட்டைப் பிடித்து நின்றது. "பயப்படாதீங்க அஜ்ஜி. மாமா சொல்லிருக்காங்க, நடுவுல நிக்க பேடா, இங்கியேதான் நிக்கணும்னு" என்றது, அதன் பாதிக் கன்னடத்தில்.

மாதேஷ் சிரித்தான். "ஆமாங்கக்கா. போன தடவ தம்பி போட்டோ எடுத்தாருங்க. ஓரமா நில்லு பாப்பா, ஓரமா நில்லுன்னு அத்தன தடவ சொன்னாரு. நீங்க ஊருக்குப் பத்திரிக வெக்கப் போயிருந்தீங்கல்ல, அன்னிக்கு. கொழந்தைய எவ்ளோ பத்திரமா பாத்துக்கறாருன்னு வீட்டுலகூடச் சொன்னனுங்க." சொல்லிக்கொண்டே கிட்ட வந்தான். வந்து, நடுவில் வாயைப் பிளந்திருந்த ஓட்டையைப் பார்த்தான். பழைய ஓட்டை, புது ஓட்டை, இரண்டையும் பார்த்தான். அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு எப்படி அடங்கியது என்று நான் எழுத மாட்டேன், அதை நீ பார்த்திருக்க வேண்டும். பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன், உங்கப்பா பின்னாலிருந்து கண்ணால் தடுத்தும் சொன்னேன். ஃபிளெக்ஸை மட்டும் காட்டவில்லை, அது ரம்யாவுக்காக.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "தண்ணிக்கு நடுவுல போயி ஒடஞ்சிருந்தா, கால் மாட்டிக்கிட்டுப் பொரண்டிருந்தா, ஜாக்கெட் இருந்து என்னங்கக்கா பண்றது" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். பாப்பா, "படகு இல்லியாப்பா?" என்று கேட்டது. காப்பி குடிக்காமலே டெம்போவைத் திருப்பினான். வாசல் கேட் பக்கத்தில் நிறுத்தி, "பலகையெல்லாம் மாத்துனா சொல்லி உடுங்கக்கா, வந்து பாக்கறேன். தம்பிகிட்ட நான் பேசல" என்றான். கல்யாணத்துக்கு வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. கேட்கவும் எனக்கு முகம் இல்லை.

இப்போது என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். நீ அந்தப் பிள்ளையிடம் ஓரமாக நில் என்று சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை. எந்த இடத்தில் உடையும் என்று உனக்கு அங்குலம் அங்குலமாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, போட்டோ எடுக்கிற நேரம் வரைக்கும் அதைக் காப்பாற்றிவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீரில் என்ன ஆனாலும் உன் கண்ணுக்குத் தெரியாது என்று விட்டிருக்கிறாய். நாளைக்கு ரம்யாவையும் இப்படித்தான் வைத்துக்கொள்வாயா? உன் வாழ்க்கையில் இன்ன இன்ன இடத்தில் கால் வைக்காதே, ஓரமாகவே நில் என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருப்பாய், அவளும் எவ்வளவு பாசம் என்று தன் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு குடித்தனத்துக்கு நான் ஆரத்தி எடுக்க மாட்டேன். ஆனால் கண்ணு, இதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மணி நேரமாக யோசித்ததில் எனக்குப் பிடித்துக்கொள்ள வேறு எதுவும் கிடைக்கவில்லை, ஓரமா நில்லு என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர. அந்தப் பிள்ளையை நடுவில் நிற்க வைக்க உனக்கு மனசு வரவில்லை. அந்த மனசு எங்கோ இருக்கிறது. நான் பேசுவதெல்லாம் அதனிடம்தான்.

வருகிற சனிக்கிழமை நீ வீட்டுக்கு வருகிறாய். துணி எடுக்க, தாலிக்கு அளவு கொடுக்க என்று எந்தக் காரணமும் எனக்குச் சொல்லாதே. படகை நான் கழுவ மாட்டேன், உங்கப்பாவையும் தொட விடமாட்டேன். அந்தச் சேற்றை நீயே உன் கையால் அள்ளு, கோழிக் குடல் கவரை நீயே எடு. நல்ல பலகை வாங்கி, வெட்ட வேண்டியதை வெட்டி, ஓட்டை போட வேண்டியதைப் போட்டு, அதற்கப்புறம் சீலர் எடு. முதல் பூச்சைத் தண்ணியாகக் கலந்து, மரம் போதும் என்கிற வரை குடிக்க விடு. கீழ்ப் பக்கம் முதலில். விளிம்புக்கு மற்ற இடத்தைவிட அதிகம். ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் குச்சியில் பஞ்சு சுற்றி விட்டுத் தடவு. மேல் பக்கம் கடைசியில். படகில் மாட்டும்போது தண்ணீர் வடிய ஓரத்தில் இடம் விடு. காயும்போது போட்டோ எடுக்காதே. இந்த வருஷம் வாழைக்கன்றை வளையத்தில் கட்டு, சாய்ந்தால் சாயட்டும். ஃபிளெக்ஸைக் கழுவிக் காயப்போட்டு, சுருட்டி உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். அதை ரம்யாவிடம் நீயே காட்டிச் சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்னால். என்னிடமிருந்து அது வெளியே வராது, ஆனால் அவள் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன்.

எல்லாம் முடிந்தபின் மாதேஷுக்கு நானே போன் செய்கிறேன். அவன் பாப்பாவோடு வருவான், அந்தப் பிள்ளை மறுபடி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டுதான் வரும். படகைத் தண்ணீரில் இறக்கியதும் முதலில் நீ ஏறு. போய் நடுவில் நில். அவன் பார்க்கட்டும், நானும் கரையில் நின்று பார்க்கிறேன். அதற்குப் பிறகு பாப்பாவைக் கூப்பிடு.

அம்மா